காங்கீலுக்குச் சர்க்கரை கிடையாது

மாந்தா, ஈக்வடார்
1992 மார்ச் 3

அன்புள்ள நொல்பெர்த்தோ அண்ணாவுக்கு,

முதலில் திட்டி முடித்துவிடு. நான் காத்திருக்கிறேன்.

ஆயிற்றா? சரி. நான் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்தில் ஐந்து நாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். வாஷிங்டன் நிறுத்தத்துக்கு வந்திருந்தான். அவனுக்கு முன்னால் அவன் அம்மா சோய்லா நின்றிருந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "மகளே, ஏதாவது சாப்பிட்டியா?" என்பதுதான். எதற்கு வந்தாய், யாரைக் கேட்டு வந்தாய் என்று ஒரு வார்த்தை இல்லை. அதையெல்லாம் நீ கேட்பாய் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

சர்க்கரை டப்பாவின் மேல் சீட்டை வைத்துவிட்டு வந்தது தப்புதான். நேரில் சொல்லியிருந்தால் நீ சத்தம் போட்டிருப்பாய், நான் அழுதிருப்பேன், பேருந்து போயிருக்கும். அதற்குள் எனக்கு முப்பத்திரண்டு வயதும் ஆகியிருக்கும்.

வழியில் ஒன்று கவனித்தேன். எல்லை தாண்டிப் பெருவுக்குள், தாக்னாவில் ஓர் அம்மாள் கூடையோடு ஏறினாள். கூடை நிறைய, நம் வண்டியில் விற்கிற அதே சோளப்பொரி. வாய் நிறைய "ஒரு கப்ரீதாஸ் கொடுங்கம்மா" என்றேன். திருதிருவென்று விழித்தாள். அங்கே அதற்குப் பெயர் கான்சீதாவாம். வாயில் போட்டால் உப்பு! உப்புக் கரிக்கும் சோளப்பொரியை முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகத் தின்றேன். இங்கே மாந்தாவில் அதுவே காங்கீல். ஒரே சோளம், ஒரே சூடு. எல்லை தாண்டினால் பெயர் மாறிவிடுகிறது.

கல்யாணம் நவம்பர் 28, சனிக்கிழமை. அண்ணா, தேவாலய வாசலில் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போக நீ வரவேண்டும். அப்பா இல்லை, அம்மா இல்லை, நீதான் இருக்கிறாய். நீ வராவிட்டால் வாஷிங்டனின் மாமா வருவாராம். நல்ல மனிதர். ஆனால் அவர் யார், எனக்கு?

உன் தங்கை,
ஒத்தீலியா

•

சான் அந்தோனியோ, சிலி
மார்ச் 22

ஒத்தீலியா,

கடிதம் கிடைத்தது.

நீ போனது பிப்ரவரி ஒன்பது. பிப்ரவரி! கோடை விடுமுறைக்கு சாந்தியாகோவே கடற்கரைக்கு இறங்கி வந்து நிற்கும் மாதம். வருடத்தில் பாதி வியாபாரம் நமக்கு அந்த ஆறு வாரத்தில்தான் என்பது உனக்குத் தெரியாதா? மார்ச்சில் ஓடிப்போயிருக்கக் கூடாதா? அவ்வளவு அவசரமா?

அந்த வாஷிங்டன் முதல் நாள் நம் வண்டி முன்னால் வந்து நின்று என்ன சொன்னான் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கப்பலில் சமையல்காரனாம். உலகம் சுற்றினவனாம். "வேராக்ரூஸ்ல இதைப் பலோமீதாஸ்ம்பாங்க, லா குவாய்ராவுல கொத்தூஃபாஸ், பர்ரான்கியாவுல கிறிஸ்பேத்தாஸ்" என்று அடுக்கினான். நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். பாகு அடிப்பிடித்தது. ஊருக்கு ஒரு பெயர் தெரிந்து வைத்திருப்பவன் ஊருக்கு ஒரு பெண்டாட்டியும் வைத்திருப்பான் என்று அன்றைக்கே சொன்னேன். கேட்டாயா?

நமக்கு ஒரே பெயர்தான். கப்ரீதாஸ். ஆட்டுக்குட்டி மாதிரி சட்டிக்குள் துள்ளுவதால் அந்தப் பெயர். இதை விடப் பொருத்தமாக எவனாவது வைத்திருந்தால் வந்து சொல்லட்டும்.

கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். அந்த மாமாவே கையைப் பிடித்து அழைத்துப்போகட்டும்.

இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது. நீ இல்லாதது யாருக்கும் தெரியவில்லை.

நொல்பெர்த்தோ

பி.கு.: கால் வீக்கத்துக்கு உப்புத் தண்ணீரில் வை.

•

மாந்தா
மே 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

வரமாட்டேன் என்று எழுதிய கையாலேயே கால் வீக்கத்துக்கு மருந்தும் எழுதுகிறாய். கால் சரியாகிவிட்டது.

சோய்லா அம்மாவுக்கு தர்க்கி கடற்கரையில் செவீச்சே கடை. பதினொரு கடைகள் வரிசையாக இருக்கின்றன, நடுவில் நீலக் கூரை போட்டது எங்களுடையது. காலை எட்டு மணிக்கே மீனும் இறாலும் எலுமிச்சைச் சாற்றில் ஊறத் தொடங்கிவிடும். முந்தின இரவு குடித்தவர்கள் எல்லாம் பத்து மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். செவீச்சே தின்றால் தெளியுமாம்.

வாஷிங்டனின் மாமா கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். நான் படம் போட்டுக் கொடுத்தேன், அதைப் பார்த்து அவர் நம்முடையது போலவே சுற்றுகிற கைப்பிடி வைத்த சட்டி ஒன்று செய்து தந்துவிட்டார். மூடி மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. கடைக்குப் பக்கத்திலேயே வண்டி போட்டிருக்கிறேன். வியாபாரம் சுமார்தான். புது ஊர் இல்லையா, போகப் போகப் பழகும்.

வாஷிங்டன் இனிமேல் கப்பலுக்குப் போவதில்லை. அம்மாவின் கடையில் மீன் வெட்டுகிறான். இதுவரை ஒரே ஒரு பெண்டாட்டிதான் தென்படுகிறாள், அவளுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

வருகிறாயா, மாட்டாயா?

ஒத்தீலியா

•

சான் அந்தோனியோ
ஜூலை 5

ஒத்தீலியா,

"வியாபாரம் சுமார்" என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

பாயேசாவை உனக்குத் தெரியும், இழுவைப் படகில் வேலை பார்த்தவன். இப்போது சரக்குக் கப்பலில் இருக்கிறான். மே கடைசியில் மாந்தாவில் இறங்கி உன்னைப் பார்த்திருக்கிறான். நேற்று வந்து, நம் வண்டி நிற்கும் சதுக்கத்தில், மருந்துக்கடைக்காரர், செருப்புத் தைப்பவர், எல்லாரும் கேட்க, சத்தமாகச் சொன்னான்: "உன் தங்கச்சி நல்லா இருக்காப்பா. ஆனா கப்ரீதாஸுக்கு உப்புப் போடுறா. அதையும் தட்டுத் தட்டாச் சும்மாவே கொடுக்குறா!"

எனக்குக் காது அடைத்துவிட்டது.

உப்பு! அப்பா வீட்டுப் பெண் உப்புப் போடுகிறாள்! அவர் இளஞ்சிவப்புப் பாகு காய்ச்சி ஊற்றினால் ஒரு மணிகூட இன்னொரு மணியோடு ஒட்டாது. அந்தக் கைப்பக்குவத்தை நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நீ அதைக் கடலில் கொட்டிவிட்டு, மீனுக்குத் தொட்டுக்கொள்ளச் சும்மா வாரிக் கொடுக்கிறாய். சும்மா கொடுக்கிற பொருளுக்கு என்ன மரியாதை இருக்கிறது? நாளைக்கு உனக்கும் அதே மரியாதைதான் கிடைக்கும்.

குளிர்காலத்துக்குள் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது ஜூலை, நடுக் குளிர்காலம். மழை கொட்டுகிறது. அவர்கள் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூடத் தேவலை.

நீ இல்லாமல் வண்டி படுத்துவிட்டது என்று மட்டும் நினைக்காதே. நேற்று சினிமா விடும் நேரத்தில் நான்கு சட்டி இறக்கினேன். ஒரு மணி தீயவில்லை, ஒரு கட்டி விழவில்லை. அப்பா இருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

நொல்பெர்த்தோ

•

மாந்தா
ஆகஸ்டு 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன், பாயேசா சொல்லித் தெரிந்தது போதும்.

ஏப்ரலில், வண்டி போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை. நாற்பது காகிதக் கூம்பு கட்டி, நம் சிவப்புப் பாகில் பளபளவென்று அடுக்கி வைத்தேன். மடமடவென்று விற்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊர் நம் கையில் என்று நினைத்தேன். பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வாங்கினவர்கள் எல்லாரும் போய் சோய்லா அம்மாவின் கடையில் உட்கார்ந்து, கூம்பைக் கவிழ்த்து அப்படியே செவீச்சே தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்! கடைக்குப் பின்னால் இறால் உரித்துக்கொண்டிருந்ததில் நான் இதுவரை கவனிக்கவில்லை, இந்த ஊரில் பொரி என்றால் செவீச்சேயில் போடத்தான். எலுமிச்சைச் சாறு, வெங்காயம், இறால், மேலே நம் சர்க்கரை. தட்டெல்லாம் ரோஜா நிறம்.

எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். சுங்க அலுவலகத்து செகுந்தோ ஐயா மட்டும் வெகுநேரம் மென்றார். பிறகு ரொம்ப மரியாதையாக, "சோய்லா அம்மா, இன்னைக்கு யாரோ தெரியாம மிட்டாயைப் போட்டுட்டாங்க போல" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. சோய்லா அம்மா என்ன செய்தார் தெரியுமா? செகுந்தோ ஐயாவின் தட்டை வாங்கி, நின்றபடியே ஒரு மணி விடாமல் தின்று முடித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு, "பழகிட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றார். அதற்கப்புறம் ஒரு கிழவர் இன்னொரு கூம்புகூட வாங்கினார்.

கடை மூடினதும்தான் என்னிடம் சொன்னார். "மகளே, இங்க இதுக்குப் பேரு காங்கீல். காங்கீலுக்குச் சர்க்கரை கிடையாது. காசும் கிடையாது. செவீச்சேக்கு வந்தவங்களுக்குத் தட்டு நிறைய வைக்கிறது, அவ்வளவுதான். நீ உன் இஷ்டப்படி செய். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நான் உன் தங்கைதானே? மூன்று வாரம் பிடிவாதமாகச் சிவப்புப் பொரியே விற்றேன். மூன்று வாரத்துக்குமாக நான்கு கூம்பு போயிற்று. அதில் இரண்டு வாஷிங்டன் வாங்கியது. மே மாதம் உனக்குச் "சுமார்" என்று எழுதியபோது பாகுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து ஒரு வாரமாகியிருந்தது. அழுதுகொண்டேதான் கவிழ்த்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் அண்ணா, கைப்பிடி சுற்றுவது நம் கைதானே? இங்கே மற்றக் கடைகளில் மூடியைப் போட்டுவிட்டுச் சட்டியைக் குலுக்குவார்கள். பாதி கருகும், பாதி பொரியாமல் பல்லை உடைக்கும். நான் சுற்றினால் ஒரு சட்டிக்குப் பொரியாத மணி பத்துகூட இருக்காது. ஒரு மாதத்தில் பதினொரு கடையில் எங்கள் கடைக்கு முன்னால்தான் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். போன ஞாயிறு செகுந்தோ ஐயா தன் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "மீன் எல்லாக் கடையிலயும் ஒண்ணுதான். நீலக் கூரையில அந்த சிலிக்காரப் பொண்ணோட காங்கீல் இருக்கு" என்று அவர்களிடம் பெருமையடித்தார். சும்மா கொடுக்கிற பொருளுக்கு மரியாதை இல்லை என்றாய். எனக்கு இத்தனை மரியாதை நம் சதுக்கத்தில்கூடக் கிடைத்ததில்லை.

நான் சந்தோஷமாக இருக்கிறேன், அண்ணா. இதை எழுதினால் உனக்கு வலிக்கும் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

இப்போது சிரிப்பு வந்த காரணத்துக்கு வருகிறேன். நான்கு சட்டி இறக்கினாயாம். ஒரு மணி தீயவில்லையாம், ஒரு கட்டி விழவில்லையாம். பதினாறு வருடம் உன்னோடு அந்த வண்டியில் நின்றவள் நான். ஒருவர் கைப்பிடியை நிறுத்தாமல் சுற்றவேண்டும். இன்னொருவர் பாகை நூலாக ஊற்றவேண்டும். சுற்றுகிறவன் ஊற்ற முடியாது, அதற்கு மூன்று கை வேண்டும்.

பாகு ஊற்றுவது யார்?

ஒத்தீலியா

•

சான் அந்தோனியோ
ஆகஸ்டு 25

ஒத்தீலியா,

அது உனக்குத் தேவையில்லாத விஷயம்.

நொல்பெர்த்தோ

•

சான் அந்தோனியோ
செப்டம்பர் 20

ஒத்தீலியா,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரியும். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் பழக்கம் உண்டு. பேசாமல் இருந்தே ஆளை உருட்டிவிடுவாய்.

அவள் பெயர் குளோரிண்டா. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கிறாள். ஏப்ரலில் வேலைக்கு வந்தாள். படம் தொடங்கினதும் அவளுக்கு இரண்டு மணி நேரம் வேலை இருக்காது. அப்போது நான் படும் பாட்டை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்திருக்கிறாள். உண்மையைச் சொல்கிறேன். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் பாதிச் சட்டி கருகித்தான் போயிற்று. "எல்லாம் நன்றாக நடக்கிறது" என்று உனக்கு எழுதியது பொய். ஒருநாள் புகை தாங்காமல் அவள் இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல், பாகுக் கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நீங்க சுத்துங்க, நான் ஊத்துறேன்" என்றாள். அன்றிலிருந்து அவள்தான் ஊற்றுகிறாள். உன்னைவிடக் கொஞ்சம் மெல்லிசாகவே ஊற்றுகிறாள். கோபப்படாதே.

இதைவிடப் பெரியதை இன்னும் சொல்லவில்லை. அவள் அர்ஜென்டினாக்காரி. மலைக்கு அந்தப் பக்கம், மெண்டோசா. என் வண்டிக்கு எதிரிலேயே நின்றுகொண்டு அதைப் போச்சோக்லோ என்கிறாள்! "கப்ரீதாஸ்னு சொல்லு" என்று முதல் வாரம் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். "ஆட்டுக்குட்டியைப் போய் யாராவது தின்பாங்களா? நான் சொல்ல மாட்டேன்" என்றுவிட்டாள். இப்போது வாங்குபவர்கள் அவளிடம் வம்புக்கென்றே போச்சோக்லோ கேட்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் கேட்டதை என் காதால் கேட்டேன். உனக்கு நான் எழுதியதெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். அந்த மாமியார் நின்றபடியே தட்டைத் தின்று முடித்த இடத்தில் அவள் அழுதுவிட்டாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு ஏன் வரமாட்டேன் என்கிறேன் என்று அவளும் கேட்டாள். காரணம் உப்பும் இல்லை, பெயரும் இல்லை, வாஷிங்டனும் இல்லை. நான் உன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனால், நானே உன்னை அனுப்பி வைத்தது போல ஆகிவிடும். இப்போதைக்கு நீ ஓடிப்போனவள். ஓடிப்போனவள் திரும்பி வரலாம். நான் அழைத்துப்போய் விட்டுவிட்டு வந்தால் பிறகு எதை வைத்து எதிர்பார்ப்பது? அவ்வளவுதான் காரணம். சிரிக்காதே.

நொல்பெர்த்தோ

•

மாந்தா
அக்டோபர் 14

அண்ணா,

சிரிக்கவில்லை. கடை நடுவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். சோய்லா அம்மா பயந்துபோய் இறால் கத்தியோடு ஓடி வந்தார்.

நான் திரும்பி வரமாட்டேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் வரமாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீ வருடக் கணக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் நீ வந்து என் கையைப் பிடித்தால், நான் ஓடிப்போனவள் இல்லை என்று ஆகும். எனக்கு அது வேண்டும், அண்ணா. இந்த ஊரில் எல்லாரும் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார்கள். இருந்தாலும், "உன் பக்கத்து ஆளுங்க யாரும் வரலியா?" என்று கேட்கும்போது நான் அடுப்பைக் கிளறப் போய்விடுகிறேன்.

குளோரிண்டாவையும் அழைத்து வா. வழியில் தின்ன ஏதாவது கட்டிக்கொள், பெருவில் கான்சீதா உப்புக் கரிக்கும்.

சனிக்கிழமை பதினொரு மணி. வாஷிங்டனின் மாமாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒத்தீலியா

•

சான் அந்தோனியோ
டிசம்பர் 13

அன்புள்ள ஒத்தீலியாவுக்கு,

நாங்கள் வியாழக்கிழமை ஊர் வந்து சேர்ந்தோம். இந்தத் தடவை கால் வீங்கியது எனக்கு. குளோரிண்டா வழியெல்லாம் தூங்கினாள். சோய்லா அம்மா கட்டிக் கொடுத்த வாழைக்காய் வறுவல் லீமா வரைக்கும் வந்தது. காங்கீல் மூட்டை எல்லை தாண்டுவதற்குள்ளேயே தீர்ந்துவிட்டது. தின்றது நான்தான். இதை நீ பாயேசாவிடம் சொல்லக்கூடாது.

வாஷிங்டனின் மாமாவிடம் மறுபடியும் என் சார்பில் மன்னிப்புக் கேள். புதுச் சட்டை தைத்துத் தயாராக நின்ற மனிதரிடம் வாசலில் வைத்து, "நகருங்க, நான் அண்ணன்" என்று சொல்லியிருக்க வேண்டாம். பாவம், அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி!

உள்ளே போகும்போது பாதி வழியில் நான் நின்றுவிட்டதை எல்லாரும் பார்த்தார்கள். நீ என்ன சொன்னாய் என்று குளோரிண்டா ஐந்து நாளும் நச்சரித்தாள். "அண்ணா, நிறுத்தாதே, தீஞ்சுடும்" என்றாய் என்று சொன்னேன். நம்பவில்லை. தேவாலயத்தில் வைத்து யாராவது அப்படிப் பேசுவார்களா என்றாள். நீ அப்படிச் சொல்லாவிட்டால் நான் இன்னும் அங்கேயேதான் நின்றிருப்பேன்.

வாஷிங்டன் நல்லவன். எழுதிவிட்டேன். இனி இதைப் பற்றிக் கேட்காதே.

சதுக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நீ வரப்போவதில்லை, நானே போய்க் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றேன். செருப்புத் தைப்பவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். நான் பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை, ஒத்தீலியா. வாசலைப் பார்க்கும் வேலை போயிற்று, அவ்வளவுதான். நேற்று நன்றாகத் தூங்கினேன்.

எங்கள் கல்யாணம் ஏப்ரலில், கோடை வியாபாரம் முடிந்து. நாங்கள் அவசரப்படுகிற ஆட்கள் இல்லை.

வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். முன்பக்கம் கப்ரீதாஸ், சிவப்பில். அதில் பேச்சுக்கே இடமில்லை. இடது பக்கம் அவள் போச்சோக்லோ என்று எழுதிக்கொண்டாள். கோடையில் மெண்டோசாக்காரர்கள் நிறைய வருகிறார்களாம், வியாபாரத்துக்காகவாம். சரி என்றேன். பின்பக்கத்தில், நான் நின்று சுற்றும் இடத்தில், காங்கீல் என்று நானே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான். அந்தப் பக்கம் வாங்குபவர் யாரும் வரமாட்டார்கள்.

"இது யாரு படிக்க?" என்று குளோரிண்டா கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

உன் அண்ணன்,
நொல்பெர்த்தோ